வெளிநாட்டுப் பிள்ளைகளின் சித்திரங்களை ஆலய மண்டபத்தில் காட்சிக்கு வைப்பது: கொழும்பில் முதன்முறை செய்கிறவர்களுக்கு

படங்கள் திரும்பிப் போகுமா?

மண்டபம், விளக்கு, திறப்பு விழா பற்றி யோசிக்கும் முன்னர் படம் அனுப்புகிறவர்களோடு பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி இது. மூலப்படங்கள் வந்து காட்சி முடிந்ததும் திரும்பலாம். வந்து இங்கேயே தங்கலாம். அல்லது ஸ்கேன் செய்த கோப்புகள் மட்டும் வர, நாம் இங்கே அச்சிடலாம். மூன்றுக்கும் வேலை வேறு, செலவு வேறு, பொறுப்பும் வேறு.

முடிந்தவரை மூலப்படத்தையே கேளுங்கள். அழித்தழித்துத் தேய்ந்த பென்சில் தடமும், வர்ணம் தடித்துக் காய்ந்த இடமும், ஓரத்தில் பதிந்த விரல் அடையாளமும் அச்சுப்பிரதியில் தெரியாது. பார்க்க வரும் வெள்ளவத்தைப் பிள்ளைக்கு "இதை என் வயதுப் பிள்ளை கையால் செய்திருக்கிறது" என்று உறைப்பது அவற்றால்தான். மூலப்படத்தைக் கேட்டால் அது ஒரு பிள்ளையிடம் வாங்கிய இரவல் என்பதை மறக்கக் கூடாது. போனபடியே திரும்பி வரும் என்று அந்தப் பிள்ளை நம்பியிருக்கும். கீழே சொல்லப்படும் எல்லாக் கவனமும் அந்த நம்பிக்கைக்காகத்தான்.

ஸ்கேன் வழியைத் தெரிந்தெடுத்தால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவைக் கேளுங்கள். ஏ3 தாள் ஒன்று அந்தத் தெளிவில் 3508 × 4961 பிக்சல் இருக்கும். கைபேசியில் எடுத்துச் செயலி வழியாக அனுப்பிய படம் அச்சில் மங்கிவிடும். அச்சிடுவது மினுமினுப்பில்லாத தாளாக இருக்கட்டும். பளபளக்கும் தாளில் ஆலய விளக்குகள் பிரதிபலித்துப் படத்தை மறைக்கும்.

மண்டபமும் அனுமதியும்

கத்தோலிக்க ஆலயம் என்றால் பங்குத்தந்தையும் பங்குச் சபையும், அங்கிலிக்கன் அல்லது மெதடிஸ்த ஆலயம் என்றால் குருவானவரும் ஆலயக் குழுவும் இசைய வேண்டும். வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் ஒரு பக்கக் கடிதமாக எழுதி வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: எந்த மண்டபம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, திறப்பு (சாவி) யார் கையில் இருக்கும், இரவில் பூட்டுவது யார், மின்கட்டணம் யாருடையது, திடீர் மரண ஆராதனை வந்தால் மண்டபத்தை எத்தனை மணி நேரத்தில் ஒதுக்கித் தரவேண்டும். கடைசியில் சொன்னதைப் புதியவர்கள் அநேகமாக எழுத மறப்பார்கள். திருமணம் முன்கூட்டியே பதிவாகியிருக்கும், மரணம் அப்படி வருவதில்லை. அதனால்தான் சுவரில் நிரந்தரமாகப் பொருத்துவதைவிட நகர்த்தக்கூடிய பலகைகள் நல்லவை.

சுவரில் ஆணி அடிக்கலாமா என்பதைத் தனியாகக் கேளுங்கள். கொழும்பின் பழைய ஆலயங்கள் பலவற்றில் சுவர் சுண்ணாம்புச் சாந்தால் பூசப்பட்டது. ஓர் ஆணி இறங்கினால் உள்ளங்கையளவு சாந்து பெயர்ந்து வரும். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்களுக்குத் தொல்பொருட் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு. 1757இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் ஒல்லாந்தர் தேவாலயம் போன்ற இடத்தில் சுவரைத் தொடும் எண்ணமே வேண்டாம்.

மண்டபத்தைப் பார்க்க இரண்டு முறை போங்கள், காலை பத்து மணிக்கு ஒருமுறை, பிற்பகல் நான்கு மணிக்கு ஒருமுறை. காலி வீதியின் கடற்பக்க மண்டபங்களில் மேற்கு ஜன்னல் வழியாக வரும் மாலை வெயில் நேரே எதிர்ச்சுவரில் விழும். நிறக்கண்ணாடி ஜன்னல் இருந்தால் சிவப்பும் நீலமுமாகத் திட்டுகள் படங்களின் மேல் ஊர்ந்து போகும். அழகுதான், ஆனால் பிள்ளை தீட்டிய நிறம் எது, ஜன்னலின் நிறம் எது என்று தெரியாது. அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். கூரையை நிமிர்ந்து பாருங்கள், புறாவும் வௌவாலும் குடியிருக்கும் வளைக்குக் கீழே பலகை நிற்கக் கூடாது. மழை நாளில் போக வாய்த்தால் இன்னும் நல்லது. தூவானம் எந்த ஜன்னலால் அடிக்கிறது, சுவரில் ஈரம் எங்கே ஊறுகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

தேதி

கொழும்பில் கடதாசிக்கு உகந்தது ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரையான வறண்ட காலம். மே, ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழையும் அடிக்கும், அந்த மாதங்களைத் தவிருங்கள். ஜூலை, ஓகஸ்ட் ஓரளவு பரவாயில்லை. ஆனால் ஆடிவேல் நாட்களில் காலி வீதிப் போக்குவரத்து மாறும். ஓகஸ்ட் 15ஐ ஒட்டிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மடுவுக்குப் போய்விடும்.

வறண்ட மாதங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. தவக்காலம் பெரும்பாலும் பெப்ரவரி, மார்ச்சில் விழுகிறது. ஆலயத்தின் மனநிலை அப்போது வேறு. திறப்பு விழாவின் ஆரவாரத்துக்குக் குருவானவர் சம்மதிக்காமலிருக்க நியாயம் உண்டு. தவக்காலம் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரத்தை எடுத்துக்கொள்வதே நல்லது. பாடசாலைகளில் முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கும், அருகிலுள்ள பாடசாலைகளின் நாட்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்வியிலும், இந்துப் பிள்ளைகள் அறநெறிப் பாடசாலையிலும் பௌத்தப் பிள்ளைகள் தஹம் பாசல் என்ற தங்கள் சமய வகுப்பிலும் இருப்பார்கள். அதனால் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியைச் சனி பிற்பகலிலோ ஞாயிறு மூன்று மணிக்குப் பின்னரோ வையுங்கள்.

காட்சி பத்து முதல் பதினான்கு நாட்கள் போதும். மூன்று வாரத்தைத் தாண்டினால் தாள் அலைபாயத் தொடங்கும், பூஞ்சணத்துக்கும் வழி பிறக்கும். நாள் குறித்து, அதிலிருந்து ஐந்து மாதம் பின்னே எண்ணி வேலையைத் தொடங்குங்கள்.

அனுப்புகிறவர்களுக்கு எழுத வேண்டியது

முதற் கடிதத்திலேயே கேட்டால்தான் கிடைக்கும். படம் வரைந்து முடிந்த பிறகு நிபந்தனை சொன்னால் மனக்கசப்பு.

தாளின் அளவை முதலில் கேளுங்கள். எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏ3, ஏ4 தாளில் வரைவதில்லை. ஜப்பானியப் பாடசாலைகளில் வழங்கும் யொட்சுகிரி என்ற தாள் ஏறத்தாழ 38 × 54 செ.மீ., அதன் பாதியான யட்சுகிரி 27 × 38 செ.மீ. அமெரிக்கப் பாடசாலைகளில் 9 × 12 அங்குலமும் 12 × 18 அங்குலமும் வழக்கம். அளவு தெரியாமல் ஏ3க்கு மட்டை வெட்டி வைத்தால் மட்டையெல்லாம் வீண்.

எண்ணிக்கையையும் முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். நாற்பது முதல் அறுபது படங்கள் ஒரு சாதாரண ஆலய மண்டபத்துக்கு அளவானவை. எண்பது வந்துவிட்டால், நல்லது பார்த்து இருபதை ஒதுக்கி வைப்பது தவறு. அனுப்பிய பிள்ளை தன் படம் தொங்கும் என்று நினைத்துத்தான் அனுப்பியிருக்கும். வந்தது அத்தனையும் தொங்க வேண்டும். பரிசு, முதலிடம், இரண்டாமிடம் எதுவும் வேண்டாம்.

ஒட்டுப்படங்களில் பருப்பு, அரிசி, விதை, காய்ந்த இலை, மண், இறகு ஒட்டக் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். விதையும் மண்ணும் இலையும் தாவரத் தொற்றுத்தடுப்புச் சோதனையில் மாட்டும். தப்பி வந்தாலும் கொழும்பு மண்டபத்தில் இரண்டாம் நாளே எறும்பு வரிசை கட்டும். மரச்சட்டமிட்டு அனுப்பவும் வேண்டாம். கண்ணாடி உடைந்து படத்தைக் கிழிக்கும். மரப்பெட்டியில் வைத்தாலோ, பெட்டி வெப்பமூட்டிப் பதப்படுத்திய மரமென்று ஐஎஸ்பிஎம் 15 (பொதி மரத்துக்கான சர்வதேச நியமம்) முத்திரை காட்ட வேண்டிவரும். வெறும் தாளே எல்லா வழியிலும் இலேசு.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். படத்தைக் காட்சிக்கு வைக்க, அழைப்பிதழில் அச்சிட, இணையத்தில் போட என்று மூன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைத்தவருக்கே பதிப்புரிமை. ஐந்து வயதுப் பிள்ளையும் படைத்தவர்தான். பெயர்ப்பட்டியலில் முதற்பெயர், வயது, படத்தின் தலைப்பு, எதனால் வரைந்தது ஆகிய நான்கும் போதும். முழுப்பெயர், முகவரி, பாடசாலை வகுப்பு எதுவும் நம் கைக்கு வரவே வேண்டாம்.

இன்னொன்றையும் கேளுங்கள். ஒவ்வொரு பெயரையும் ஓர் ஆசிரியர் உச்சரித்துப் பதிவுசெய்த ஒலிக்கோப்பு. ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதினால் பெயர் பாழாகும். காதால் கேட்டு எழுதினால் அந்தப் பிள்ளைக்கு மரியாதை.

பொதியும் சுங்கமும்

ஏ3 தாள் ஒரு சதுர மீற்றரின் எட்டில் ஒரு பங்கு. சதுர மீற்றருக்கு 160 கிராம் எடையுள்ள தாள் என்றால் ஒரு படம் 20 கிராம், அறுபது படம் 1.2 கிலோ, வர்ணத்தோடு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. காப்பு மட்டையும் சேர்ந்தால் பதிவுத் தபாலில் சிறு பொதிக்குரிய 2 கிலோ எல்லையைத் தொட்டுவிடும். ஆகவே முப்பது முப்பதாக இரண்டு பொதியாக, ஒரு வார இடைவெளியில் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்று தாமதமானாலும் மற்றது கையில் இருக்கும். பயணம் வருகிறவர் யாராவது கொண்டுவர முடிந்தால் அது எல்லாவற்றிலும் நல்ல வழி. ஏ3 கோப்பு கைப்பொதிக்குள் தட்டையாக அடங்கும். யொட்சுகிரி அடங்காது, சுருட்டத்தான் வேண்டும்.

தட்டையாக அனுப்பும்போது இரண்டு தடித்த மட்டைகளுக்கு நடுவே, ஒவ்வொரு படத்துக்கும் இடையில் பட்டர் பேப்பர் வைத்து, முழுவதையும் பொலித்தீன் உறையிட்டு அனுப்ப வேண்டும். பஸ்டலும் கிரேயனும் வெப்பத்தில் இளகி அடுத்த படத்தில் ஒட்டும். விமான நிலையத்தில் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இது நடக்க ஒரு மணி நேரம் போதும். சுருட்டுவதானால் குறைந்தது 10 செ.மீ. விட்டமுள்ள குழாயின் வெளிப்புறத்தில், வர்ணம் தீட்டிய பக்கம் வெளியே இருக்கச் சுற்ற வேண்டும். உட்புறமாக இறுக்கிச் சுருட்டினால் போஸ்டர் வர்ணம் விரிக்கும்போது செதில் செதிலாக உதிரும்.

சுங்கப் படிவத்தில் பொருளின் விபரம் "பிள்ளைகள் கையால் வரைந்த சித்திரங்கள், கடதாசி, விற்பனைக்கல்ல, காட்சி முடிந்ததும் திருப்பி அனுப்பப்படும்" என்று இருக்கட்டும். சிறு பொதிக்கு சி.என். 22 படிவம், பெறுமதி கூடிய பொதிக்கு சி.என். 23. பெறுமதியைப் பூச்சியம் என்று போடாமல் தாளுக்கும் வர்ணத்துக்குமான சிறு தொகையை உண்மையாக எழுதச் சொல்லுங்கள். பூச்சியம் என்றால் கேள்வி எழ இடமுண்டு. பெருமைக்காகப் பெரிய தொகை எழுதினால் வரி கேட்பார்கள்.

பெறுநர் பெயராக ஆலயத்தின் பெயரை மட்டும் எழுதினால் அறிவித்தல் அட்டை யார் கையிலும் சேராமல் மண்டப அலுமாரியில் கிடக்கும். ஒருவரின் பெயர், அதன் கீழே ஆலயத்தின் பெயர், தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு என்ற ஒழுங்கில் எழுதச் சொல்லுங்கள். வெள்ளவத்தைக்கு 00600, பம்பலப்பிட்டிக்கு 00400, கொட்டாஞ்சேனைக்கு 01300. சுங்கம் திறந்து பார்க்க வேண்டிய பொதி என்றால் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள மத்திய தபால் பரிமாற்றகத்துக்குப் போக நேரலாம். போகிறவர் பொதியில் பெயருள்ளவராகவே இருக்கட்டும். தேசிய அடையாள அட்டை, அறிவித்தல் அட்டை, ஆலயத்தின் கடிதத் தலைப்பிலான கடிதம், அனுப்பியவர்களின் கடிதம், படங்களின் பட்டியல் ஆகிய ஐந்தையும் பிரதியோடு கொண்டுபோங்கள்.

சாதாரண விமானத் தபாலுக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். கப்பல் தபால் மாதக்கணக்கில் இழுக்கும், வேண்டாம்.

பொதி வந்ததும்

ஆவல் இருந்தாலும் உடனே திறக்காதீர்கள். விமானத்தின் குளிரிலிருந்தோ குளிரூட்டிய அறையிலிருந்தோ வந்த தாள், கொழும்பின் புழுக்கமான காற்றில் பட்டதும் அதன் மேல் ஈரம் படியும். நீர்வர்ணம் அப்போது கசியும். படங்களை வைத்திருக்கப்போகும் அறையிலேயே ஒரு நாள் மூடியபடி வைத்து, மறுநாள் திறவுங்கள்.

திறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் படத்தை இரண்டு கையாலும் எடுத்துத் துணி விரித்த மேசையில் வைக்க, மற்றவர் முன்பக்கமும் பின்பக்கமும் கைபேசியில் படம்பிடித்துப் பட்டியலில் குறிக்க வேண்டும். வரும்போதே இருந்த கிழிசல், மடிப்பு, கறை எல்லாவற்றையும் எழுதுங்கள். பின்பக்க மூலையில் மென்மையான 2பி பென்சிலால் ஓர் இலக்கம் மட்டும். குமிழ்முனைப் பேனா முன்பக்கம் தடம் காட்டும், மார்க்கர் ஊறிவிடும்.

சுருண்டு வந்த படங்களை வர்ணம் மேலே இருக்க விரித்து, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, தட்டையான பலகையின் மேல் புத்தகங்களை அடுக்கி ஐந்து நாள் விடுங்கள். இஸ்திரிப்பெட்டியைக் கிட்டக் கொண்டுவராதீர்கள், பஸ்டல் உருகிப் போகும்.

காட்சி தொடங்கும்வரை படங்கள் இருக்க வேண்டியது மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு. பொட்டலம் படத்தைத் தொடாமல் ஓரத்தில் இருக்கட்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசையில் வையுங்கள், கறையானும் இராமபாணப் பூச்சியும் தரையிலிருந்துதான் ஏறும். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். கொழும்பில் அது சாதாரண நாளிலேயே 75ஐத் தாண்டும். சிறிய ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவைத்தால் ஊகிக்கத் தேவையில்லை.

மட்டையில் பொருத்துவது

இந்த வேலையில்தான் அதிகப் படங்கள் பழுதாகின்றன. எல்லாம் ஒட்டும் பொருளால் வரும் பழுது. செலோடேப் புழுக்கத்தில் பசையை மட்டும் தாளில் விட்டுவிட்டுக் கழன்றுவிடும், அந்தப் பசை மஞ்சளாகி நிலைக்கும். இருபக்க டேப் கழற்றும்போது தாளின் மேற்படையை உரித்துக்கொண்டு வரும். நீல நிறப் பசைக்களி எண்ணெய்க் கறை விடும். குண்டூசி கடற்காற்றில் மூன்றே நாளில் துருப்பிடித்து, துளையைச் சுற்றிப் பழுப்பு வட்டம் போடும். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி மண்டபங்களில் இதை எதிர்பார்த்தே இருங்கள்.

எதுவும் ஒட்டாமல் படத்தை நிறுத்த ஒரே நல்ல வழி மூலைப் பை. வெள்ளை ஏ4 தாளை 5 × 2.5 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். நீளப்பக்கத்தின் நடுவை அடையாளம் வைத்து, மேலிரு மூலைகளையும் கீழ்ப்பக்க நடுப்புள்ளிக்கு மடித்தால் முக்கோணப் பை வரும். மடிப்புள்ள பக்கத்துக்குப் பசை பூசி மட்டையில் ஒட்டினால், படத்தின் மூலை பைக்குள் நுழையும். பசை படத்தில் படவே படாது. ஓர் ஏ4 தாளில் 44 துண்டு வரும். அறுபது படத்துக்கு 240 மூலை, ஆறு தாள் போதும். இரண்டு பேர் இருந்து ஒரு மாலையில் மடித்துவிடலாம். நான்கு மூலையையும் இறுக்கிப் பிடிக்காமல் 2 மி.மீ. தளர்வு விடுங்கள். மழை பெய்தால் தாள் விரியும், இடமில்லாவிட்டால் வயிறு தள்ளும்.

மட்டைக்கு வெள்ளை அல்லது இளஞ்சாம்பல் பிரிஸ்டல் போர்ட் போதும். கறுப்பு மட்டை சிறு பிள்ளைகளின் மெல்லிய பென்சில் படங்களை விழுங்கிவிடும். புறக்கோட்டைக் கடதாசிக் கடைகளில் மொத்தமாக வாங்குவது மலிவு, ஆனால் தாள் அளவு கடைக்குக் கடை மாறும். ஒன்றை வாங்கி அளந்து, எத்தனை வெட்டலாம் என்று கணக்குப் பார்த்துவிட்டு மிச்சத்தை வாங்குங்கள். ரெஜிபோமில் ஒட்டுவது வழக்கமாக இருந்தாலும் அது மின்விசிறிக் காற்றில் பறக்கும், ஓரம் உதிரும்.

கண்ணாடிச் சட்டம் வேண்டாம். தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், இடையில் ஈரம் சிக்கும், வர்ணம் கண்ணாடியோடு போகும்.

தொங்கவிடுதல்

8 × 4 அடிப் பலகைகளை வாடகைக்குத் தருகிறார்கள். ஏ3 படத்துக்குச் சுற்றிலும் 5 செ.மீ. விட்டால் மட்டை 52 × 40 செ.மீ. படங்களுக்கிடையே 8 செ.மீ. இடைவெளி என்றால் கிடையாக நிறுத்திய பலகையின் ஒரு பக்கத்தில் நாலு நாலாக இரண்டு வரிசை, எட்டுப் படம். அறுபது படத்துக்கு எட்டுப் பக்கம், அதாவது நான்கு பலகை. நிமிர்ந்த படங்கள் என்றால் ஒரு வரிசையில் ஐந்து அடங்கும்.

பலகையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அப்போது கீழ்வரிசையின் நடு ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரத்தில், ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேரே வரும். மேல்வரிசை ஒன்றரை மீற்றரில், பெரியவர்களுக்கு. பெரியவர்களின் உயரத்தில் மட்டும் தொங்கவிட்டால் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் களைத்து, ஓடி விளையாடத் தொடங்கிவிடுவார்கள். குற்றம் அவர்களுடையதல்ல.

இரண்டு பலகையைக் கீலால் இணைத்துக் கோணமாக நிறுத்துங்கள். தனிப்பலகை மின்விசிறிக் காற்றுக்கே சாயும், பிள்ளை ஒன்று சாய்ந்தால் கேட்கவே வேண்டாம். கால்களில் மணல் மூட்டை வையுங்கள். சுவரோரம் வைப்பதானால் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, காற்று ஓட.

பலகை கிடைக்காவிட்டால் தூணுக்குத் தூண் 2 மி.மீ. கல்வனைஸ் கம்பி கட்டிக் கிளிப்பில் தொங்கவிடலாம். தூணின் மேல் கம்பி பதியாமல் துணி சுற்றுங்கள். இரண்டு மீற்றருக்கு ஒரு தாங்கல் இல்லாவிட்டால் நடுப்பகுதி தொய்ந்து எல்லாப் படமும் நடுவுக்கு வழுக்கும். கிளிப் மட்டையைத்தான் பிடிக்க வேண்டும், படத்தைப் பிடிக்கக் கூடாது.

எந்தப் படம் எங்கே என்பதைப் பலகையில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். தரையில் வெள்ளைத் துணி விரித்து, எல்லாவற்றையும் பரப்பி, சுற்றி நடந்து பாருங்கள். வயது வாரியாக அடுக்கினால் சிறு பிள்ளைகளின் பலகை "சின்னதுகளின் கிறுக்கல்" என்று ஒதுங்கிப் போகும். கலந்து வையுங்கள். பலத்த நிறமுள்ள படத்துக்குப் பக்கத்தில் மெல்லிய கோட்டுப் படம் நின்றால் இரண்டும் கெடும்.

போர் கண்ட நாட்டிலிருந்து படங்கள் வந்தால் குண்டும் தீயும் எரியும் வீடும் அவற்றில் இருக்கும். பார்க்க வருகிறவர்களில் அதையெல்லாம் நேரில் கண்டவர்கள் இருப்பார்கள். அந்தப் படங்களை ஒளிக்கவும் வேண்டாம், வாசலில் வைக்கவும் வேண்டாம். உள்ளே தனியாக ஒரு பலகையில், விரும்பி நடந்து போய்ப் பார்க்கும்படி வைத்து, அருகே ஒரு கதிரையும் போடுங்கள்.

வெளிச்சத்துக்கு எல்ஈடி போதும், இரண்டு மீற்றர் தள்ளி. ஹலோஜன் விளக்கு பஸ்டலை உருக்கும். கடதாசிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும் என்பதே அருங்காட்சியகங்களின் வழக்கம். ஃபெல்ட் பேனா நிறம் நேர்வெயிலில் இரண்டு வாரத்துக்குள் கண்ணுக்குத் தெரியும்படி வெளிறும்.

பெயர்ச்சீட்டு

தமிழ், சிங்களம், ஆங்கிலம், கூடவே பிள்ளையின் சொந்த மொழி. நான்கும் ஒரே எழுத்தளவில் இருக்க வேண்டும். தமிழ் வரிதான் பெரும்பாலும் நீளும், ஆகவே சீட்டின் அகலத்தைத் தமிழை வைத்தே தீர்மானியுங்கள்.

தலைப்பை அழகுபடுத்தாதீர்கள். பிள்ளை "எங்கள் நாய் சாப்பிடுகிறது" என்று எழுதியிருந்தால் அப்படியே வரட்டும். "பசியின் தருணம்" ஆக்க வேண்டாம். ஆங்கிலம் வழியாகச் சுற்றி வராமல் மூலமொழியிலிருந்து நேரே பெயர்க்க ஆள் தேடுங்கள். பிரெஞ்சு, ஜெர்மன் என்றால் கொழும்பிலுள்ள அலியான்ஸ் பிரான்செஸ், கோத்தே நிறுவனம் ஆகியவற்றில் மொழி படித்தவர்கள் கிடைப்பார்கள்.

அச்சகத்தில் ஒரு பொறி இருக்கிறது. பல அச்சகங்களில் இன்னமும் தமிழுக்குப் பாமினி, சிங்களத்துக்கு எஃப்எம் அபயா என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருக்கள்தான். நீங்கள் யூனிகோடில் கொடுத்த எழுத்து அங்கே மாற்றப்படும்போது கொம்பும் காலும் இடம்மாறும். எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஆகவே கொடுத்து, ஒரு தாள் மாதிரி அச்சிட்டு, தமிழ் தெரிந்தவரும் சிங்களம் தெரிந்தவரும் எழுத்தெண்ணிப் பார்த்த பின்னரே மொத்தமாக அச்சிடுங்கள்.

பார்க்க வருகிறவர்கள்

பாடசாலைகளை அழைக்க அதிபருக்கு நான்கு வாரம் முன்னரே கடிதம் போக வேண்டும். வலயக் கல்வி அலுவலக அனுமதி தேவையா என்பதை அவரே சொல்வார். ஒரு தடவைக்கு முப்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம். அதற்கு மேல் மண்டபம் சந்தையாகும்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின்னர் கொழும்பு ஆலயங்களில் வாசற் சோதனை வழக்கமாகிவிட்டது. வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை, ஆசிரியர்களின் பெயர், வண்டி இலக்கம் ஆகியவற்றை முதல்நாளே காவலாளியிடம் கொடுங்கள். புத்தகப்பைகளைப் பாடசாலையிலேயே விட்டுவரச் சொன்னால் வாசலில் தாமதம் இராது, மண்டபத்தில் பை இடித்துப் பலகை ஆடாது.

வருகிறவர்களில் இந்து, முஸ்லிம், பௌத்தப் பிள்ளைகள் இருப்பார்கள். ஜெபத்தோடு தொடங்குவதானால் அது திறப்பு விழாவில் நடக்கட்டும், பாடசாலைக் குழுக்களுக்கு வேண்டாம். மண்டபத்துக்குத் தனி வாசல் இருந்தால் அதைத் திறந்து விடுங்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு வெள்ளி நண்பகல் ஒத்துவராது. சிற்றுண்டிக்கு மரக்கறி ரோல்ஸ், வாழைப்பழம், பால் பைக்கற் எல்லோருக்கும் பொருந்தும். ஆனால் வெளி விறாந்தையில், பார்த்து முடிந்த பிறகு, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். ரோல்ஸ் பிடித்த விரல் பட்ட தாளில் எண்ணெய்க் கறை நிரந்தரம்.

திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவது வழக்கம். பலகைகளிலிருந்து மூன்று மீற்றராவது தள்ளி வைத்து, ஏற்றும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். சாம்பிராணி புகையும் கடதாசியில் படியும்.

"தொடாதே" என்ற பலகையைவிடப் பலனுள்ளது ஒரு தொடும் மேசை. அந்தப் பிள்ளைகள் பயன்படுத்திய அதே வகைத் தாள், பஸ்டல், தூரிகை ஆகியவற்றை அங்கே வையுங்கள். பக்கத்தில் ஏ5 அளவு வெள்ளை அட்டையும். பிடித்த படத்தின் இலக்கத்தைப் பின்பக்கம் எழுதி, அந்தப் பிள்ளைக்குப் பதில் படம் வரையலாம். முதற்பெயரும் வயதும் மட்டும், முகவரியோ தொலைபேசி எண்ணோ எழுதாமல் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். படம் அனுப்பிய பிள்ளைக்கு நன்றிக் கடிதத்தைவிட இந்த அட்டைதான் பெரிது.

மண்டபம் திறந்திருக்கும் நேரமெல்லாம் இருவர் இருக்க வேண்டும். பிள்ளைகள் வரும் இடத்தில் ஒருவரைத் தனியே விடுவது எந்த வகையிலும் சரியில்லை. தினமும் பூட்டும் முன் படங்களை எண்ணி, பலகையின் பின்பக்கத்தில் பூச்சி, ஈரம், தளர்ந்த மூலை இருக்கிறதா என்று பாருங்கள். மழை கறுத்தால் மேற்கு ஜன்னல்களைச் சாத்துவது யார் என்று பெயர் குறித்து வையுங்கள்.

கழற்றித் திருப்பி அனுப்புவது

கடைசி நாள் மாலையே அவசரமாகக் கழற்றாதீர்கள். மறுநாள் காலை, வந்த அன்று செய்தது போலவே இருவர், பட்டியலும் பழைய படப்பிடிப்பும் கையில். ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, புதிதாக ஏதும் பழுது இருந்தால் மறைக்காமல் எழுதி, அனுப்பியவர்களுக்கு அன்றே சொல்லுங்கள். புதிய பட்டர் பேப்பர் வைத்து, ஈரம் இல்லாத நாளில் பொதியுங்கள். மழை நாளில் உறையிட்டால் ஈரத்தையும் சேர்த்து மூடியதாகும்.

பொதி மறுபடியும் இரண்டாகப் போகட்டும். படங்களோடு பட்டியலின் பிரதி, தங்கள் படத்தைப் பிள்ளைகள் நின்று பார்க்கும் முகம் தெரியாத சில புகைப்படங்கள், பதில் அட்டைகள். சுங்கப் படிவத்தில் "காட்சிக்கு வந்த சித்திரங்கள், உரியவர்களுக்குத் திரும்புகின்றன" என்று எழுதி, வந்த பொதியின் பதிவிலக்கத்தையும் குறிப்பிட்டால் அந்த நாட்டுச் சுங்கத்திலும் தொல்லை குறையும். பற்றுச்சீட்டைப் பட்டியலோடு குத்தி வையுங்கள். பொதி கிடைத்தது என்ற செய்தி போதாது. எந்தெந்த இலக்கம் அந்தந்தப் பிள்ளையின் கையில் சேர்ந்தது என்று ஆசிரியர்களிடம் கேளுங்கள். அறுபது இலக்கத்துக்கும் எதிரே அடையாளம் விழும்வரை பட்டியல் உங்கள் மேசையில் இருக்கட்டும்.